வெளியூர்க் கைராசி

பல் டாக்டரோட அப்பா, பல்வலிக்கு அடுத்த ஊருக்கு பஸ் ஏறினார். ஊரே வேடிக்கை பார்த்தது.

பார்க்காதா பின்னே? மகளோட கிளினிக் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். வீங்கின கன்னத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம போனார் மனுஷன்.

"பெத்த அப்பனே நம்பல, நாம எப்படி வாயைத் திறக்கிறது?" என்றார் எதிர்க்கடை மளிகைக்காரர். "மூக்கு ஒழுக எங்கிட்ட மிட்டாய் வாங்க வந்த பொண்ணுய்யா அது!"

காலேஜ்ல முதல் மாணவி அவள். பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டும் போகல. சொந்த ஊருக்குத்தான் செய்வேன்னு ஒத்தைக் கால்ல நின்னாள். வந்து என்ன கண்டாள்? ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாள்.

சாயங்காலம் அப்பா திரும்பினார். வீக்கம் அப்படியே இருந்தது.

"அப்பா, ஒரே ஒரு தடவை என் நாற்காலியில உட்காருங்கப்பா. வலிக்காம எடுத்துடறேன்."

"இருக்கட்டும்மா. அங்கதான் காட்டிட்டிருக்கேன்ல."

"எத்தனை நாளா காட்டுறீங்க! அந்த டாக்டர் என்னதான் சொல்றார்?"

"பார்க்கலாம்னார்" என்று துண்டை உதறிட்டு உள்ளே போயிட்டார்.

ஊர் வராட்டி போகட்டும், அப்பா ஒருத்தர் வந்து உட்கார்ந்தா போதும்னு அவள் ஏங்கினாள்.

அடுத்த வாரம் அதிசயமா ஒரு அம்மா வந்தாங்க. அதுவும் அடுத்த ஊர்லேர்ந்து.

"உங்க ஊர்லயே டாக்டர் இருக்காரேம்மா?"

"இருக்கார். எங்க தெருப் பையன்தானே, அவனுக்கு என்ன தெரியும்?"

சிரிப்பு வந்துடுச்சு அவளுக்கு. "என்னைப் பத்தி யார் சொன்னாங்க?"

"வேற வழியில்லாம அவன் கிளினிக்குக்குத்தான் போனேன். அங்க உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர்தான் சொன்னார். வர்றவங்க எல்லார்கிட்டயும் உங்க புராணம்தான். பூப்போல கைன்னார்."

"பெரியவரா?"

"ஆமா, கன்னம் இம்மாம் பெரிசா வீங்கி, துண்டு கட்டிக்கிட்டு. இவர் முறை வந்தா, எனக்கு அவசரமில்லன்னு அடுத்த ஆளை உள்ளே அனுப்பிடறார். எனக்குப் பொறுக்கல. 'ஊருக்கெல்லாம் சொல்றீங்களே ஐயா, நீங்களே அந்த டாக்டரம்மாகிட்ட போய் எடுத்துக்கக் கூடாதா?'ன்னு கேட்டுட்டேன்."

அவள் கை அப்படியே நின்னுடுச்சு. "என்ன சொன்னார்?"

"'எனக்கு மட்டும் ஆசையில்லையா தாயி? இந்தப் பல்லும் போயிட்டா, அப்புறம் எந்தச் சாக்குல இங்க வந்து உட்கார்றது?'ன்னார்."