தினம் ஒரு உருப்படி

“ஒரே ஒரு சட்டை போதும் சார். மிச்சத்தை நாளைக்கு எடுத்துக்கறேன்.”

சங்கரநாராயணன் கையில் துணி மூட்டையோடு நின்றார். உள்ளே எட்டு உருப்படி இருந்தது. இஸ்திரிக்காரி பவுனு மேலாக இருந்த சட்டையை மட்டும் உருவிக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள்.

அவர் மனைவி பட்டு, மகள் பிரசவத்துக்காகப் புனே போய் நாலு நாள்தான் ஆகிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து மொத்த மூட்டையையும் வாங்கிப் போனவள், இப்போது தினமும் மணி அடிக்கிறாள்.

“நான் தனியா இருக்கேன்னு மோப்பம் பிடிச்சுட்டா” என்றார் போனில்.

“இருபது வருஷமா நம்ம காலனில இஸ்திரி போடறா. உங்களுக்கு யார் மேலதான் சந்தேகம் இல்லை?” என்றாள் பட்டு.

நியாயமான கேள்விதான். டெல்லியில் கரோல்பாக் தாண்டியிருக்கும் அந்தக் காலனிக்கு அவர் செயலாளர். சங்கத்தின் புகார் நோட்டில் பாதி அவர் கையெழுத்து. நாய் குரைத்தால் எழுதுவார், பந்து வந்து விழுந்தால் எழுதுவார், குழாய் சத்தம் போட்டால் அதையும் எழுதுவார்.

இப்போது காலனியின் அறுபதாம் ஆண்டு மலருக்கு வரலாறு வேறு எழுதிக்கொண்டிருந்தார். நரி ஊளையிட்ட இடத்தில் மனை வாங்கிய தமிழ் குமாஸ்தாக்கள், பிரிவினையில் வந்த பஞ்சாபிக் குடும்பங்கள். ஒன்பதாம் நம்பரில் மட்டும் டெலிபோன். யாருக்கு அழைப்பு வந்தாலும் யாராவது ஓடிப்போய்க் கூட்டி வருவார்கள். ‘இங்கே ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்’ என்று முடித்திருந்தார். அந்த வரியில் அவருக்கே ஒரு பெருமை.

இன்று நாலு இரும்பு கேட், பதினாறு கேமரா. அந்த கேமராக்களில்தான் மூன்று நாள் பவுனுவைக் கவனித்தார்.

அவருடையதைத் தவிர்த்து ஐந்து வீட்டுக்குத் தினமும் போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு துணி. கதவு திறந்ததும் ரெண்டு வார்த்தை பேச்சு, உள்ளே ஒரு எட்டிப்பார்ப்பு. ஐந்து வீட்டிலும் வயதானவர்கள், ஐந்து பேரும் தனி ஆள்.

திருட்டுக்கு நோட்டம் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஜனவரியில் அவர் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ராஜசேகரன் குளியலறையில் விழுந்தபோது, காவலாளியைக் கூட்டிக்கொண்டு முதலில் உள்ளே நுழைந்தவளும் இவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் விசாரணை. பொருளாளர் வெங்கி வந்திருந்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், ஐடியில் வேலை.

“அங்கிள், ஜல்தி முடிங்க. எனக்கு ஆபீஸ் கால் இருக்கு.”

சங்கரநாராயணன் புகார் நோட்டை விரித்து வைத்துப் பேனாவைத் திறந்தார். பவுனு வாசலோரம் நின்றாள்.

“மூட்டையா குடுத்தா உனக்கும் அலைச்சல் மிச்சம். தினம் ஒண்ணு ஒண்ணா எதுக்கு எடுக்கறே? அதுவும் தனியா இருக்கறவா வீட்டுல மட்டும்?”

அவள் வெங்கியைப் பார்த்தாள்.

“மடியில கனம் இல்லைன்னா சொல்ல வேண்டியதுதானே? யாருக்குத் தகவல் குடுக்கறே?”

“யாருக்கும் இல்ல சார்.”

“அப்ப இதையும் கேட்டுக்கோ. வேப்ப மரத்தடியில உன் இஸ்திரி மேஜை இன்னியோட கிடையாது. கேட்டுக்குள்ளயும் வரப்படாது. எழுதிடப் போறேன்.”

பவுனு ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது அந்த மேஜை வருமானத்தில்தான்.

“அதைச் செஞ்சிடாதீங்க சார். மூட்டையா எடுத்தா வாரத்துக்கு ஒருக்காதான கதவு தொறப்பாங்க. ஒண்ணு ஒண்ணா எடுத்தா தெனம் தொறக்கணுமில்ல? ஆள் நல்லா இருக்காங்களான்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துருவேன். அவ்வளவுதான்.”

வெங்கி போனைக் கீழே வைத்தான்.

“இதை யார் சொல்லி செய்யறீங்க?”

“யாரும் சொல்லல தம்பி. ராஜசேகரன் சாரும் வாரம் ஒருக்காதான் துணி போடுவாரு. திங்கக்கிழமை போனேன், தொறக்கல. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சோம்.”

“அன்னிக்குக் காலம்பரதானே விழுந்தார்?” என்றார் சங்கரநாராயணன்.

“எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க. இல்ல சார், சனிக்கிழமையே விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப நெனவு இருந்துச்சு. எங்கிட்ட சொன்னாரு.”

“என்ன சொன்னார்?”

“கத்த முடியலையாம். கைக்கு எட்டுன குளிக்கிற மக்கை எடுத்துக் குழாயைத் தட்டிக்கிட்டே இருந்தாராம். ரெண்டு நாளும். யாராவது வந்து பாப்பாங்கன்னு.”

பவுனு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரநாராயணன் பேனாவை மூடினார். என்ன நினைத்தாரோ, நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஜனவரிப் பக்கம் வந்தது. அவருடைய அழகான கையெழுத்து.

‘சனி: குழாயில் டொக் டொக்கென்று சத்தம். பிளம்பரை அனுப்பவும்.

ஞாயிறு: சத்தம் ஓயவில்லை. தூங்க முடியவில்லை.

திங்கள்: சத்தம் தானாகவே நின்றுவிட்டது. நன்றி.’