படங்கு கட்டிய டீச்சர்

“கொழுந்து பறிக்கிற பொண்ணு பதினோராம் வகுப்புக்குக் கணக்குப் படிச்சுக் குடுக்குதாமே! அதிபர், இது பள்ளிக்கூடமா, சந்தக்கடையா?”

அலோசியஸ் கோப்பு ஒன்றை மேசையில் தொப்பென்று போட்டார். உதவிக் கல்விப் பணிப்பாளர். டிக்கோயாவுக்கு மேலே பாதி வழியில் வாகனம் மக்கர் பண்ணிவிட்டதால் மீதி மலையைக் காலால் ஏறி வந்தவர். மூச்சு வாங்கியதில் கோபமும் இரண்டு மடங்காகியிருந்தது.

கோப்புக்குள் ஒரு மொட்டைக் கடிதம். நியமனம் இல்லாத ஒருத்தி இந்தத் தோட்டப் பாடசாலையில் தினமும் வகுப்பெடுக்கிறாள், உடனே வந்து விசாரிக்கவும் என்றிருந்தது.

அதிபர் சிவசாமி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போய் மூணு வருசமாச்சு சேர். பதிலுக்கு யாரும் வரல. நிஷாந்தி ஏ.எல். உயர்தரப் பரீட்சையில கணக்கு எடுத்த புள்ள. சும்மாதான் வந்து படிச்சுக் குடுக்குது.”

“சும்மா வந்தாலும் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். நியமனம் இல்லாத வெளியாள் வகுப்புக்குள்ள காலடி வைக்கக் கூடாதுன்னு மாகாணத்திலருந்து போன மாசம்தான் கண்டிப்பா எழுதியிருக்காங்க.”

“பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான் சேர். இப்ப நிப்பாட்டினா இருபத்திரண்டு புள்ளைகளும் அந்தரத்தில நிக்கும்.”

“அத அப்புறம் பாப்போம். வகுப்பைக் காட்டுங்க.”

வகுப்பு வாசலிலேயே அவருடைய கால் நின்றுவிட்டது.

நிஷாந்தியின் இடுப்பில், கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கு ஈரம் சொட்டியது. நகக்கண்ணெல்லாம் கொழுந்துக் கறை. அந்தக் கையில் வெண்கட்டி, கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம்.

“லயத்து வீட்டிலருந்து ரோட்டால முந்நூறு அடி. கோயில்கிட்ட செங்கோணமா மடங்கி நானூறு அடி போனா ஸ்கூல். குறுக்குப் பாதையில ஏறினா எத்தன அடி?”

“ஐந்நூறு, டீச்சர்!”

“குத்துமதிப்பா சொல்லக் கூடாது. தனுஷிகா, வந்து எழுதிக் காட்டு.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, எங்கும் தடுமாறாமல் எழுதி முடித்தாள்.

அலோசியஸ் கணிதத்தில் பட்டம் வாங்கியவர். நாலே வருடம் படிப்பித்துவிட்டு நாற்காலிக்கு மாறியவர். இப்போது கல்வி மறுசீரமைப்பு பற்றி மேடை மேடையாக விளக்கம் கொடுக்கிறார். அந்த மேடைகளுக்கு முன்னால் கொட்டாவி விடாத முகத்தை அவர் கண்டதில்லை. இங்கே இருபத்திரண்டு முகமும் கரும்பலகையை விட்டு அசையவில்லை. பெரிய அதிகாரி வந்து நிற்கிறாரே என்று ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“போன வருசம் கணக்குல எத்தன பேர் சித்தியடைஞ்சாங்க?” அவர் குரல் தானாக இறங்கியிருந்தது.

“பதினெட்டுப் பேர் எழுதி பதினாறு பேர் சேர்.”

“இந்தப் பொண்ணு வர்றதுக்கு முந்தி?”

“ரெண்டே பேர்.”

மணி அடித்தது. நிஷாந்தி வெண்கட்டியை வைத்துவிட்டு ஒரே ஓட்டமாகக் கீழே தேயிலை மலைக்குப் போனாள். இனி வகுப்புக்கு வரக் கூடாது என்று நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அலோசியஸும் பின்னாலேயே இறங்கினார்.

மலையில் பதினான்கு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஆளில்லாமல் ஒரு கூடை. பக்கத்தில் வருகிறவளெல்லாம் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுப் போனாள்.

“இது யாரு கூடை?”

மூத்தவள் மீனம்மா நிமிர்ந்து, அப்போதுதான் வந்து படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நிஷாந்தியைக் காட்டினாள்.

“இந்தப் புள்ளயோடதுதாங்க ஐயா. ரெண்டு மணி நேரம் அது அங்க நிக்குது, அதுக்குப் பதிலா எங்க கை இங்க பறிக்குது. கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதானே போடுவாங்க? அரைநாள் சம்பளத்துல அது எப்படிங்க பொழைக்கும்?”

“வேலைய மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“அவரு மகளும் அந்தக் கிளாசுதாங்க!”

மலையே சிரித்தது. அலோசியஸும் சிரித்துவிட்டார்.

“உங்க புள்ளையும் அங்கதான் படிக்குதா?”

“எனக்குப் புள்ள குட்டி ஏதுங்க,” என்றபடி மீனம்மா அடுத்த பிடியை அள்ளிப் போட்டாள்.

அலோசியஸ் குனிந்து அந்தக் கூடைக்குள் பார்த்தார். எத்தனை கூட்டம், எத்தனை அறிக்கை! பதினான்கு பெண்கள் ஆளுக்கு ஒரு பிடிக் கொழுந்தைப் போட்டு ஒரு கணக்கு டீச்சரையே நியமித்து வைத்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு.

ஆனால் சுற்றறிக்கை?

“தங்கச்சி, சட்டப்படி நான் உங்கள நிப்பாட்டத்தான் வேணும்.” சொல்லும்போதே வாய் கசந்தது. “இப்படிப்பட்ட உங்க மேல மொட்டைக் கடிதம் போட எந்தப் பாவிக்குத்தான் மனசு வந்துச்சோ!”

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நிஷாந்தி தலை குனிந்தாள்.

“நான்தான் சேர் எழுதினேன்.”

“நீங்களா? உங்க மேல நீங்களேவா?”

“என்னைய நிப்பாட்டினா, அந்த இடத்துக்கு ஒருத்தரப் போட்டுத்தானே ஆகணும்?” கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். “கணக்கு டீச்சர் இல்லன்னு ஒம்பது கடிதம் போட்டோம் சேர், ஒருத்தரும் ஏறி வரல. படிச்சுக் குடுக்க ஒருத்தி இருக்கான்னு ஒண்ணே ஒண்ணு போட்டேன். ஆறாம் நாளே வந்துட்டீங்க.”