எலும்புக் கறி

வயர் கூடையிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டாள் அப்ரோஸ் பேகம். இதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ராஜபாளையம் வந்திருந்தாள். மருமகன் சேக் முகைதீன் எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“மாப்பிள்ளை, வாராவாரம் உங்க கதையில வர்ற ராபியா யாரு?”

“கற்பனை மாமி.”

“ஜன்னல் சீட்டுக்காகக் கண்டக்டரோட மல்லுக்கு நின்னது கற்பனையா? கல்யாண வீட்டுல பிரியாணி ருசியில்லன்னு பொண்ணோட வாப்பாகிட்டயே சொன்னது கற்பனையா? அம்புட்டும் என் மவ ஜரீனாதான?”

“ஆமா மாமி.”

“எங்க தெருவே படிச்சுட்டுச் சிரிக்கு.”

“தப்புதான். இந்த வாரத்தோட நிறுத்திருதேன்.”

“நிறுத்தச் சொல்லவா பஸ் ஏறி வந்தேன்? போன வாரம் என்ன எழுதியிருக்கீய? புருசன் வெறும் எலும்பா வாங்கிட்டு வந்த கறியை ராபியா ஒரு வார்த்தை பேசாம ஆக்கிப் போட்டாளாம். ஏன், அவளுக்கு மேலுக்குச் சரியில்லையா?”

அவன் பத்திரிகையைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தான்.

“ஜரீனா மவுத்தாகி மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசமாச்சு. வாரத்துக்கு ஒருக்க அவ பேச்சை உங்க கதையிலதான் கேக்கேன். அந்த வாயையும் அடைச்சிராதீய.”

“அவ என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தோணல மாமி.”

“‘கறிக்கடைக்காரன் ஆட்டை வித்தானா, ஏணியை வித்தானா?’ன்னு எழுதுங்க.”

முகைதீன் பேனாவைத் திறந்தான். இரண்டு சொல் எழுதிவிட்டு நிறுத்தினான்.

“இல்ல மாமி. கடைக்காரன்கிட்ட பொறவுதான் போவா. முதல்ல என்னையத்தான் வைவா.”

அப்ரோஸ் பேகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப அதுலருந்தே ஆரம்பிங்க. ஒண்ணும் கொறைச்சு எழுதிராதீய.”