பச்சைக் குல்லா

சீனாவின் வென்ஜோ நகரம். கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். யாரையோ குத்துவதுபோல ஊசியைக் குத்திக் குத்திப் பின்னிக்கொண்டிருந்தாள் ருயிஃபென். மாமியாருக்குத் தைத்த ஏப்ரனும் மாமனாருக்குப் பின்னிய காலுறையும் மேசைமேல் தயாராக இருந்தன.

உள்ளே வந்த ஓரகத்தி யாச்சின், அவள் மடியைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயய்யோ, பச்சை நூல்ல குல்லாவா? வென்ஜோவுலயே பொறந்து வளர்ந்தவதானேக்கா நீ? ஆம்பளை பச்சைக் குல்லா போட்டா, அவன் பொண்டாட்டி வேற ஒருத்தனோட பழகுறாள்னு ஊரே சிரிக்குமே, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? சர்ச்சுல அத்தனை பேர் முன்னாடி அத்தான் மானம் கப்பலேறிடும். பிரிச்சுப் போடுக்கா!"

"என் புருஷனுக்கு நீ ஏண்டி இப்படித் துடிக்கிற?"

"பாவம், நல்ல மனுஷன். அதான் சொன்னேன்."

ருயிஃபென் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போன கிறிஸ்துமஸுக்கு நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை ஆபீஸ்ல தொலைச்சுட்டேன்னாரு அந்த நல்ல மனுஷன். நேத்து உன் படுக்கையை உதறிப்போட்டேனே, அது உன் தலையணைக்கடியில கிடந்துச்சு. என் கைப்பின்னல் எனக்குத் தெரியாதா?"



குல்லாவை யாச்சின் கையில் திணித்தாள் ருயிஃபென்.

"அவரு எதுக்குடி இதைப் போடணும்? இது உன் புருஷனுக்கு."