மூன்றாவது ஊறல்

"மூணு டிரம்மு. மூணுமே ஊறல்தான். கவுத்துங்கப்பா!"

எஸ்.ஐ. சந்திரவல்லி சொன்னதும் இரண்டு போலீஸ்காரர்கள் முதல் டிரம்மைச் சாய்த்தார்கள். பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு குரங்கணி ரோட்டுச் சரிவில் ஓடியது. புளித்த வெல்ல வாடை குப்பென்று கிளம்பியது.

எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போன ஜீப்பு ஒன்று வேகத்தைக் குறைத்தது. "அண்ணே, கீழ ஊத்துறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ஜீப்பு முழுவதும் சிரித்தது.

எபினேசர் இரண்டாவது டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், சத்தியமா இது சாராயம் இல்ல! சுவத்துக்குப் பூசுறதுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணிய ஊத்தித்தான் சுண்ணாம்பக் கொழைக்கணும். அப்பத்தான் பூச்சு இறுகும்."

"சாராயம் காய்ச்சுறவனும் கடுக்காயும் வெல்லமும்தான்யா போடுறான்."

"அந்தா, வீட்டப் பாருங்க மேடம்!"

சந்திரவல்லி பார்த்தார். சூளையில் வேகாத மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய புது வீடு. சிமெண்டு ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எபினேசர் அடம்பிடித்துக் கட்டியது. கூரை வரை முடிந்து, பூச்சு மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் அவன் கழுத்தைப் பிடித்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. பூசாத மண் சுவரில் மழை அடித்தால் ஒரு வருச உழைப்பு கரைந்து ரோட்டுக்கு வந்துவிடும். ஊறல் பதத்துக்கு வரவோ பதினைந்து நாள் வேண்டும். முதல் இரண்டு ஊறலையும் அவன் கடையில் இருந்த நேரத்தில் போலீஸ் வந்து கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது. 'இந்த வாட்டியும் நடக்கலேன்னா சிமெண்டுதான்' என்று மனைவி ரெபேக்காள் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"எந்தப் பாவி மேடம் ஒவ்வொரு தடவையும் போன் போடுறது?"

"பேரு சொல்லல. இன்னிக்கு ஊறல் பதத்துக்கு வந்துரும், காலையில போனாப் பிடிச்சிறலாம்னு சொன்னான். சரியாத்தான சொல்லியிருக்கான்?"

எபினேசரின் கோபம் கொத்தனார் மலைச்சாமி பக்கம் திரும்பியது. 'சுண்ணாம்புப் பூச்சுதான? கண்ணாடியாட்டம் பூசித் தர்றேன், மொகம் பாத்துத் தலை சீவலாம்ணே' என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்.

"போன ரெண்டு தடவையும் நீ இங்கதானய்யா நின்ன? இது பூச்சு வேலைக்குன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"காக்கிச் சட்டையப் பாத்தா எனக்கு நாக்கு எந்திரிக்க மாட்டேங்குதுண்ணே." மலைச்சாமி தலையைச் சொறிந்தான்.

அந்த நேரம் பார்த்துப் புல்லட் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் எட்வர்ட். ரெபேக்காளின் அண்ணன், போடியில் சிமெண்டுக் கடைக்காரன்.

"என்ன மாப்ளே, இன்னிக்கும் போலீசா? குடோன்ல இருபது மூட்டை ஒதுக்கி வச்சிட்டுத்தான் வர்றேன். ம்னு ஒரு வார்த்தை சொல்லு, மத்தியானம் லோடு வந்துரும். ரெண்டே நாள்ல சோலி முடிஞ்சிரும்."

எபினேசருக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னிக்கு ஊறல் தொறக்குறோம்னு உங்களுக்கு யாரு மச்சான் சொன்னா?"

"எந்தங்கச்சிதான். வேற யாரு?"

"அப்ப நீங்கதான் போன் போட்டது!"

"அட போப்பா. மழை பேஞ்சா ஒன் மண்ணு வீடு தானா விழப்போவுது. அதுக்குப் போயி நான் எதுக்கு என் போன்ல சார்ஜக் கொறைக்கணும்?"

"குடும்பச் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க." சந்திரவல்லி கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம் தர்றேன். என் கண்ணு முன்னாடி பூசிக் காட்டுங்க. சுவத்துல நின்னுச்சுன்னா நான் போயிடுறேன். நிக்கலேன்னா டிரம்மோட நீங்களும் ஜீப்புல ஏறணும்."

எபினேசர் காத்திருந்தது இதற்குத்தான். அரைத்து மூடி வைத்திருந்த சுண்ணாம்பு மணலில் அவனே ஊறலை மொண்டு ஊற்றினான். அவனே மண்வெட்டியால் மிதமாகக் குழைத்தான்.

"மலைச்சாமி, கரண்டிய எடு. வெரசா!"

மலைச்சாமி கலவையை அள்ளிச் சுவரில் அடித்தான். ஒட்டியது. எபினேசர் மூச்சு விடுவதற்குள் வழுக்கி இறங்கி, சொத்தென்று தரையில் விழுந்தது. இன்னொரு கரண்டி அடித்தான். அதுவும் விழுந்தது. மூன்றாவது, சுவரில் ஒட்டக்கூட இல்லை.

எட்வர்ட் வாய்விட்டுச் சிரித்தான்.

எபினேசர் பாய்ந்து போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். "சுண்ணாம்புல என்னத்தய்யா கலந்த? சொல்லு! என் வீட்டக் கரைச்சுத்தான் உன் மூட்டைய விக்கணுமா?"

"போதும், ஏறுங்க ஜீப்புல." சந்திரவல்லி கண்ணைக் காட்ட, போலீஸ்காரர் ஒருவர் எபினேசரின் தோளைப் பிடித்தார். மிச்சமிருந்த இரண்டு டிரம்மையும் நோக்கி இன்னொருவர் நடந்தார்.

மலைச்சாமி கரண்டியைக் கீழே போட்டான். அவன் ஓடிவந்து ஜீப்புக்கு முன்னால் நின்று சந்திரவல்லியைக் கும்பிட்டான்.

"அவர விட்டுருங்கம்மா... எனக்கு இந்தப் பூச்சு தெரியாது, அதான் மூணு தடவையும் நானே போன் போட்டேன்!"