மண்டியிட்ட நேரம்

உகாண்டாவின் மசாகா பக்கம், வீட்டுப் பலாமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே மேசை போட்டு, கைப்பேசியின் முன் நகிமுலி பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதுகிறாள். முகம் கேமராவை விட்டு விலகினால் தேர்வு ரத்து. இலைநிழல் அவள் நெற்றியில் அசைகிறது. படலைத் திறந்துகொண்டு கணவனின் பெரியப்பா வருகிறார். பெண்கள் பெரியவர்களை மண்டியிட்டே வரவேற்கும் ஊர்; சிறு வயதிலிருந்து பழகிய முழங்கால்கள் அவளைக் கேட்டுக்கொண்டா மடங்கும்? புல்லில் மண்டியிட்டுவிடுகிறாள். "வாங்க மாமா, சௌக்கியமா?" "சௌக்கியந்தாம்மா. என்ன, மரத்தடியிலேயே குடித்தனமா?" சிரிக்கிறார். பெரியப்பாவின் குரல் கேட்டு வந்த கணவன் லுபேகா மட்டும் திரையைப் பார்க்கிறான்: 'தேர்வர் இருக்கையில் இல்லை. தேர்வு ரத்து செய்யப்பட்டது.' அவன் முகத்திலேயே அவள் அதைப் படித்துவிடுகிறாள். "பிள்ளைங்க எப்படிம்மா இருக்காங்க?" "நல்லா இருக்காங்க மாமா" என்கிறாள், புல்லை இறுகப் பற்றியபடி. பெரியவர் விசாரித்து முடிக்கும்வரை எழக்கூடாது.