கைமடிப்பில் மணல்

வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தாள். கைமடிப்பைப் பிரித்ததும் பொலபொலவென்று மணல் கொட்டியது.

போன வாரமும் இதே கதைதான். அப்போது உதறிவிட்டுப் போய்விட்டாள். இப்போது சுருக்கென்றது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன். சட்டையில் கிரீஸ் இருந்தால் சரி. மணலுக்கு அங்கே என்ன ஜோலி?

சட்டையும் கையுமாகப் பக்கத்து ஃப்ளாட் அக்காவிடம் போய் நின்றாள்.

அக்கா விரலில் தேய்த்துப் பார்த்தாள். "நல்லா சலிச்செடுத்த மாதிரி இருக்கே. இது கட்டட மணல் இல்லடி, பீச் மணல்."

"பீச்சுக்கா? நான் கூப்பிட்டா கால் வலிக்குதும்பாரே!"

"உன்கூடப் போகத்தான் கால் வலிக்கும். வேற எங்கெல்லாம் போறார், அதைச் சொல்லு."

வேறு எங்கே போகிறார்? வேலை விட்டால் வீடு. அப்புறம் சிட்டுவை டியூஷனுக்குக் கூட்டிப்போவார், அவ்வளவுதான்.

சிட்டு அவர்களுடைய ஒரே பெண். மூன்றாம் வகுப்பு. பேசவிட்டால் ஊரையே விலை பேசும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒரு வரிக்கு நாக்குத் தள்ளும். அம்மாக்காரிக்கு இது பொறுக்குமா? மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் கடகடவென்று படித்துவிடுவாள். "என் வயித்துல இப்படி ஒரு மக்கா! யாரைக் கொண்டு பொறந்ததோ!" என்று தினமும் ஒருமுறை பாடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் டிவியில் விளம்பரத்தைக்கூட உற்றுப் பார்ப்பார்.

"டியூஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னு அவராத்தான்க்கா கேட்டு வாங்கினார். விட்டுட்டு வரவேண்டியதுதானே? அங்கேயே உட்கார்ந்துடறார். பிள்ளைக்குப் பாடம் முடிஞ்சும் வர நேரமாகுது."

"அந்த மிஸ் ஆளு எப்படி?"

"பளிச்சுன்னுதான் இருக்கா."

"போனை மறைக்கிறாரா?"

அட, ஆமாம்! முன்பெல்லாம் மெசேஜ் வந்தால், "கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன், என்னன்னு பாரேன்" என்று போனையே நீட்டிவிடுவார். கல்யாணப் பத்திரிகையா, கரண்ட் பில்லா, எல்லாம் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். இப்போதோ, சத்தம் வந்ததும் போனோடு பால்கனி மூலைக்குப் போய்விடுகிறார். அங்கே நின்று தனக்குள் முணுமுணுக்கிறார்.

"முணுமுணுக்கிறாரா!" அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முத்திப்போச்சுடி."

சாயங்காலம் டியூஷனுக்குத் தலை பின்னிவிடுகிற சாக்கில் சிட்டுவைப் பிடித்தாள்.

"உங்க மிஸ் வீட்ல மணல் இருக்கா?"

"எனக்குக் கைதட்டல்தாம்மா. வார்த்தையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, தட்டித் தட்டிப் படிக்கணும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. அப்பா அங்க என்ன பண்றார்?"

"சும்மா... உட்கார்ந்திருப்பார்."

பொய் சொன்னால் சிட்டுவின் கால் கட்டைவிரல் தரையைக் கீறும். இப்போது கீறியது.

பாவி மனுஷன், பச்சைப்பிள்ளைக்கும் பொய் சொல்லப் பழக்கிவிட்டானே!

அப்பாவும் பெண்ணும் கிளம்பின கொஞ்ச நேரத்தில் அவளும் செருப்பை மாட்டினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். கையும் களவுமாக மாட்டட்டும், சிட்டுவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். எந்தப் பெட்டியை எடுப்பது என்பதுவரை நடந்துகொண்டே முடிவு செய்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாடிப்படி. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவருடைய குரல், தணிந்து, குழைந்து. அப்புறம் மிஸ்ஸின் சிரிப்பு. "பரவாயில்லையே! இன்னொரு தடவை..."

கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

சிட்டு ஜன்னலோரம் கைதட்டப் போனவள் அப்படியே நின்றாள். மிஸ் மேஜைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம், குழந்தைகள் உட்காரும் குட்டை ஸ்டூலில் அவள் வீட்டுக்காரர், முழங்கால் மோவாயை இடிக்க. எதிரே ஒரு தட்டு நிறைய மணல். அதில் அவர் விரல்.

"என்ன நடக்குது இங்க?"

அவர் எழுந்த வேகத்தில் தட்டு சாய்ந்தது. பாதி மணல் சட்டைக் கையில்.

"வாங்க," என்றாள் மிஸ், நிதானமாக. "உங்க பொண்ணுக்குக் காதால கேட்டாத்தான் பிடிபடுது. இவருக்கு விரலால எழுதினாத்தான் மனசுல நிக்குது. ஆளுக்கொரு வழி."

"இவர் எதுக்குங்க எழுதணும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. பால்கனி. முணுமுணுப்பு. எப்போதும் தொலைந்துபோகிற அந்தக் கண்ணாடி.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர், தரையைப் பார்த்து. "எழுத்துதான் நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். சிட்டுவைக் கொண்டுவந்து விட்ட அன்னிக்குத்தான், இதுக்கும் வழி இருக்குன்னு மிஸ் சொன்னாங்க."

"இத்தனை வருஷமா... கட்டிக்கிட்டவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சிட்டு ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"அப்பா சொல்றேன்னுதான் சொன்னார். நான்தாம்மா வேண்டாம்னேன். நான் யாரைக் கொண்டு பொறந்தேன்னு தெரிஞ்சா, அப்பாவையும் தினம் மக்குன்னு திட்டுவியே!"